முதலில் காது, பிறகுதான் புத்தகம்: கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் லூத்தரன் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிக்பீல்ட்ஸ் சியோன் ஆலயத்துக்கும், கிள்ளானிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள நம் சபைகளுக்கும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் அப்பா அம்மாமார்களே, ஞாயிறுப் பள்ளியில் அந்தப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் அக்கா அண்ணன்மார்களே, வீட்டில் இன்னமும் குடும்ப ஜெபத்தை விடாமல் நடத்தும் தாத்தா பாட்டிமார்களே, இந்த மடல் உங்களுக்கு.

ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் கொஞ்ச காலமாக இரண்டு பேச்சுகள் காதில் விழுகின்றன. ஒரு பக்கம், அமெரிக்காவில் 'கிளாசிக்கல் லூத்தரன்' கல்வி என்று ஒன்று இருக்கிறதாம், நாலு வயதிலேயே லத்தீன் சொல்லிக்கொடுக்கிறார்களாம், அந்தப் புத்தகங்களை வரவழைத்தால் என்ன என்று கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், மனப்பாடம் எல்லாம் தாத்தா காலத்துச் சங்கதி, பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டத் தாள் கொடுங்கள், யூடியூபில் பாட்டுப் போடுங்கள், போதும் என்கிறார்கள். இரண்டு பேச்சுமே சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் சின்னப் பிள்ளைகளுக்கென்று சொன்னதைத் தொடவில்லை என்பது என் எண்ணம். அவர் சொன்னதற்குப் பாடப் பெட்டியும் வேண்டாம், திரையும் வேண்டாம். ஒரே வாசகம், வீட்டில் சொல்லிக்கொடுக்க ஒரு பெரியவர், கேட்பதற்கு ஒரு கேள்வி, பாடுவதற்கு ஒரு பாட்டு. இவ்வளவுதான்.

அமெரிக்கச் சரக்கை முதலில் பார்த்துவிடுவோம். அங்கே லூத்தரன் பள்ளிகள் சில, பழைய ஐரோப்பியக் கல்வி முறையை மீட்டெடுக்கிறோம் என்று உழைக்கின்றன. அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் விளக்கப் படத்தில் வருகிற மூன்று படிகள், அதாவது சின்ன வயதில் மனப்பாடம், நடு வயதில் தர்க்கம், வளர்ந்தபின் பேச்சுக்கலை என்று பிள்ளையின் வயதையே மூன்றாகப் பிரிக்கும் கணக்கு, லூத்தருடையது அல்ல. 1947-இல் ஆக்ஸ்போர்டில் டொரத்தி சேயர்ஸ் என்ற ஆங்கிலிக்கன் எழுத்தாளர் ஆற்றிய உரையிலிருந்து வந்தது. துப்பறியும் நாவல்களால் பெயர் பெற்றவர் அவர். நல்ல உரைதான். ஆனால் அதைச் சீர்திருத்தக் காலத்துச் சொத்து என்று எண்ணிக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

லூத்தரிடமே போவோம். 1528-இன் பிற்பகுதியில் சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிட அவரும் போனார். கிராமத்து மக்களுக்குப் பத்துக் கட்டளைகள் தெரியவில்லை, கர்த்தருடைய ஜெபம் தெரியவில்லை. கற்பிக்க வேண்டிய போதகர்களிலும் பலர் திறமை இல்லாதவர்கள். நொந்துபோய்த் திரும்பியவர் எழுதியதுதான் சிறு ஞானோபதேசம். 1529-இன் தொடக்கத்தில் அது முதலில் வெளிவந்தது புத்தகமாக அல்ல, சுவரில் தொங்கவிடும் பெரிய தாள்களாக. நம் வீட்டுச் சுவரில் வசனக் காலண்டர் தொங்குகிற இடத்தில் அது தொங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தக வடிவம் அதற்குப் பிறகுதான். அதன் ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் யார் யாருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று இருக்கிறது: குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு. போதகர், ஞாயிறுப் பள்ளி ஆசிரியர் என்ற பேச்சே அந்தத் தலைப்பில் இல்லை. ஞாயிறுப் பள்ளி என்ற அமைப்பு பிறந்ததே இன்னும் இரண்டரை நூற்றாண்டு கழித்துத்தான்.

அந்தப் புத்தகத்தின் முன்னுரையை நம்மில் எத்தனை பேர் படித்திருப்போம்? திடப்படுத்தல் வகுப்பில் கேள்வி பதிலை உருப்போட்டதோடு சரி. முன்னுரையில்தான் கற்பிக்கும் முறை இருக்கிறது. முதலாவது, ஒரே வாசகத்தைத் தேர்ந்தெடுத்து வருடத்துக்கு வருடம் அதையே, ஓர் எழுத்தும் மாற்றாமல், சொல்லிக்கொடுங்கள். இன்று ஒரு விதமாகவும் அடுத்த வருடம் திருத்தி வேறு விதமாகவும் சொன்னால் சின்னப் பிள்ளைகளும் படிக்காத ஜனங்களும் குழம்பிப்போவார்கள், பட்ட பாடெல்லாம் வீண். வாசகம் நாவில் நின்றபின் அதன் பொருள். அதையும் ஒரேயடியாகக் கொட்டாமல் ஒரு கட்டளை முடிந்தபின் அடுத்த கட்டளை. பொருள் பிடிபட்டபின்தான் விரிவான விளக்கம். அதற்குப் பெரிய ஞானோபதேசம் இருக்கிறது.

ஆக, மனப்பாடம் வேண்டாம் என்பவர்களுக்கும் மனப்பாடமே போதும் என்பவர்களுக்கும் லூத்தர் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறார். மனப்பாடம் வாசல்படி. அதன் மேலேயே உட்கார்ந்துவிடக் கூடாது, அதைத் தாண்டாமல் உள்ளே போகவும் முடியாது. வாசகம் ஒவ்வொன்றுக்கும் பிறகு பிள்ளையிடம் இது என்ன என்று ஒரு கேள்வி வருகிறது. உலகத்தில் எந்த மூன்று வயதுப் பிள்ளையும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. பத்துக் கட்டளைகளின் விளக்கம் ஒவ்வொன்றும் தேவனுக்குப் பயப்படுவதிலும் அவரை நேசிப்பதிலும் தொடங்குவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பத்து முறையும் அதே தொடக்கம். பிள்ளையின் வாய் அந்தத் தடத்தில் விழுந்துவிட்டால் மிச்சம் தானாக வரும். தமிழில் செய்யுளுக்கு எதுகை மோனை செய்கிற வேலையை அங்கே அந்தத் திரும்பல் செய்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஞானோபதேசத்தில் இல்லை, அதற்கு மூன்று வருடம் முன்பு, 1526-இல், ஜெர்மன் மொழியில் ஆராதனை நடத்துவது பற்றி அவர் எழுதிய சின்ன நூலில் இருக்கிறது. ஆராதனை ஒழுங்கைப் பற்றி எழுதிக்கொண்டே வந்தவர் திடீரென்று பிள்ளைகள் பக்கம் திரும்பி ஒரு விளையாட்டைச் சொல்கிறார். பிள்ளையின் மனதுக்குள் இரண்டு பைகள் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று விசுவாசம் என்ற பொன் பை, மற்றது அன்பு என்ற வெள்ளிப் பை. ஒவ்வொரு பையிலும் இரண்டு அறைகள். பொன் பையின் ஓர் அறையில் நாம் எல்லாரும் பாவிகள் என்று சொல்லும் வசனங்கள், மற்ற அறையில் கிறிஸ்து நம்மை மீட்டார் என்று சொல்லும் வசனங்கள். வெள்ளிப் பையின் ஓர் அறையில் அயலாருக்கு நன்மை செய்வது பற்றிய வசனங்கள், மற்றதில் தீமையைப் பொறுத்துக்கொள்வது பற்றியவை. பிரசங்கத்தில் ஒரு வசனம் கேட்டால் பிள்ளை அதைக் காசு மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்து சரியான அறையில் போட வேண்டும். இது ரைன் நாட்டுப் பொற்காசு, இது ஹங்கேரிப் பொற்காசு, இது வெள்ளிக்காசு என்று அந்தக் காலத்து நாணயங்களின் பெயரையெல்லாம் சொல்லி அடுக்குகிறார் மனிதர்! சாப்பாட்டு மேசையில் பெற்றோர் கேட்க வேண்டும்: இன்றைக்கு என்ன கொண்டு வந்தாய், எந்தப் பையில் போட்டாய்?

இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று எந்த அறிவாளியும் இளக்காரம் செய்ய வேண்டாம் என்று கூடவே எச்சரிக்கிறார். மனிதரை இழுக்கக் கிறிஸ்து மனிதரானார், பிள்ளைகளை இழுக்க நாம் பிள்ளைகளாக வேண்டும் என்பது அவருடைய வாதம். அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதல் பிள்ளை ஹான்ஸ் பிறந்தது அந்த 1526 ஜூனில்தான். நான்கு வருடம் கழித்துக் கோபுர்க் கோட்டையில் தங்கியிருந்தபோது அதே ஹான்ஸுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். ஒரு தோட்டம், அதில் ஆப்பிளும் பேரிக்காயும் பொறுக்கும் பிள்ளைகள், தங்கக் கடிவாளமும் வெள்ளிச் சேணமும் பூட்டிய சின்னக் குதிரைகள். நன்றாக ஜெபித்துப் படிக்கிற பிள்ளைகளுக்கு அங்கே இடம் உண்டு. பேரரசரின் முன் நம் விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கை வாசிக்கப்பட்ட அதே மாதத்தில் எழுதிய கடிதம் இது. திருச்சபையின் தலைவிதி தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நாலு வயதுப் பையனுக்குக் குதிரைக் கதை எழுத அவருக்கு நேரம் இருந்தது. நமக்கு ஆபீஸ் வேலை அதிகம் என்று சொல்கிறோம்.

பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லூத்தரின் தோழர் மெலாங்தோன் 1528-இல் பள்ளிகளுக்கு வகுத்த ஒழுங்கில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் முதல் மணி நேரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாட்டு. ஞானப்பாட்டும் கீர்த்தனையும் வைத்திருக்கிற நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரே ஒரு குறை: நம் ஆண்டு விழாக்களில் பிள்ளைகள் கை கால் ஆட்டிப் பாடும் ஆங்கிலப் பாட்டு அடுத்த வருடம் யாருக்கும் நினைவில் இல்லை. எழுபது வயதிலும் பாடக்கூடிய பாட்டை நாலு வயதில் கற்றுக்கொடுங்கள்.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். இதையெல்லாம் ஜெர்மன் சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாதபடி ஒன்று நடந்திருக்கிறது. 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்க் தமிழ் கற்றுக்கொள்ள என்ன செய்தார்? ஒரு வயதான திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வந்து பள்ளியை நடத்தச் சொன்னார். அந்தப் பிள்ளைகளோடு தாமும் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி, வாய்விட்டுச் சொல்லித் தமிழ் எழுத்தைப் படித்தார். ஜெர்மனியில் பல்கலைக்கழகம் வரை போனவர், நம் ஊர்ப் பொடியன்களோடு சரிசமமாக உட்கார்ந்து ஓதியிருக்கிறார். இரண்டே வருடத்தில், 1708-இல், கொன்றை வேந்தனையும் உலக நீதியையும் நீதி வெண்பாவையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். தமிழ்ப் பிள்ளைகள் வாயில் எந்த வாசகம் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கப் போகவில்லை அவர். 1707-இலேயே பள்ளி தொடங்கியது. பெண் பிள்ளைகளுக்கும் கூட.

திண்ணைப் பள்ளியில் ஒருவன் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் முறை இருந்தது. அகரவரிசையில் நீதி வாக்கியம் இருந்தது. லூத்தரின் ஊரான விட்டன்பர்க்கில் பிள்ளைகளின் முதல் புத்தகத்திலும் எழுத்துக்குப் பக்கத்தில் ஜெபமும் விசுவாசப் பிரமாணமும்தான் இருந்தன. இரண்டு ஊர்களும் ஒன்றையொன்று அறியாமலே சின்னப் பிள்ளைக்கு முதலில் காதும் வாயும்தான் என்று கண்டுபிடித்திருக்கின்றன. பிற்பாடு தஞ்சாவூர்க் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் வானவியலையும் பூகோளத்தையும் பெத்லகேம் குறவஞ்சிக்குள் பாட்டாகவே வைத்துவிட்டார். நம் பிள்ளைகளுக்கு இது அந்நிய முறை என்று யாராவது சொன்னால் தரங்கம்பாடிக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுங்கள்.

அங்கேயிருந்தும் தஞ்சாவூர்ப் பக்கமிருந்தும் ரயில்வே வேலைக்கும் தோட்டங்களுக்கும் வந்த நம் முன்னோர் பெட்டியில் கொண்டுவந்த பொருள் குறைவு. வாயில் கொண்டுவந்தது அதிகம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் ஞானோபதேசத்தை முழுக்க ஒப்பித்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வருகிறது: எங்கள் பிள்ளைகள் தேசியப் பள்ளிக்கோ சீனப் பள்ளிக்கோ போகிறார்கள், தமிழ் எழுத்துத் தெரியாது, எப்படி? கேள்வியிலேயே பதில் இருக்கிறது. பாட்டிக்கும்தான் எழுத்துத் தெரியாது. நாலு வயதில், விவேகானந்தா தமிழ்ப்பள்ளிக்கோ கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளிக்கோ போகப்போகிற பிள்ளைக்கும் தெரியாது. இந்த முறை எழுத்தறியாத வயதுக்கென்றே உண்டானது. கேட்கும் காது இருந்தால் போதும். ரோமன் எழுத்தில் அச்சடித்த தாள் அப்பா அம்மாவுக்கு வேண்டுமானால் உதவட்டும், பிள்ளையின் கையில் எந்தத் தாளும் வேண்டாம். பிற்பாடு தமிழ் எழுத்துப் படிக்க வாய்ப்புக் கிடைக்கும் பிள்ளைக்கு, ஏற்கெனவே வாயில் இருக்கும் வாசகம்தான் முதல் பாடநூல்.

மொழி பற்றி மெலாங்தோன் சொன்ன இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் பல மொழிகளைத் திணிப்பதும் பல புத்தகங்களைச் சுமத்துவதும் பயனற்றது, கெடுதல் என்று 1528 ஒழுங்கில் கண்டிக்கிறார். மலாய், ஆங்கிலம், மாண்டரின் என்று மூன்று பயிற்சித்தாள்களைப் பாலர் பள்ளிப் பையில் சுமக்கும் நம் பிள்ளைகளைப் பார்த்தால் என்ன சொல்வாரோ. ஆனால் அவரைத் தாய்மொழிக் காவலர் ஆக்கிவிடாதீர்கள். அவர் தேர்ந்தெடுத்த ஒரே மொழி லத்தீன். ஜெர்மன் வேண்டாம் என்றவர் அவர். எனக்கு வேண்டியது அவர் தேர்வு அல்ல, அந்தக் கவலை. நம் ஊரில் நாலு மொழி காதில் விழாமல் பிள்ளை வளர முடியாது, வளரவும் வேண்டாம். ஆனால் ஜெபத்துக்கும் விசுவாசப் பிரமாணத்துக்கும் ஒரு மொழியைத் தீர்மானித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். அது தமிழாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஞாயிறு ஆராதனையில் தாத்தாவுக்குப் பக்கத்தில் நின்று ஐந்து வயதுப் பேரன் அதே வாசகத்தை அதே மூச்சில் சொல்ல வேண்டுமென்றால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

லூத்தரை அப்படியே பின்பற்றச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஞானோபதேசம் படிக்க மறுப்பவருக்குச் சாப்பாடு தண்ணீர் கொடுக்காதீர்கள், நாட்டுப் பிரபு துரத்திவிடுவார் என்று சொல்லுங்கள் என்றும் அதே முன்னுரையில் எழுதியிருக்கிறார். அதை அந்தக் காலத்தோடு விட்டுவிட வேண்டும். அவரே பள்ளிப் பையனாக ஒரே காலையில் பதினைந்து முறை அடி வாங்கியவர். சொல்லித்தராத பாடத்தை ஒப்பிக்கவில்லை என்பதற்காக விழுந்த அடி. தாம் படித்த பழைய பள்ளிகளை நரகம் என்றே பிற்காலத்தில் எழுதினார். பிரம்போடு ஞானோபதேசம் கேட்ட தலைமுறை நம்மிலும் உண்டு. மனப்பாடம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் இளம் பெற்றோர் முகம் சுளிப்பதற்கு அந்தப் பிரம்பும் ஒரு காரணம். குற்றம் பிரம்பில், பாடத்தில் அல்ல.

லூத்தரும் ஒரு திறந்த மடல் எழுதியிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1524-இல் ஜெர்மன் நகரங்களின் மன்றத்தாருக்கு, பள்ளிகளைத் தொடங்குங்கள் என்று எழுதியது. துப்பாக்கிக்கும் சாலைக்கும் பாலத்துக்கும் வருடந்தோறும் இவ்வளவு கொட்டுகிறீர்களே, பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு வாத்தியார் வைக்கக் காசில்லையா என்று கேட்டார். நம் சபைக் கணக்கில் ஒலிபெருக்கிக்கு எவ்வளவு, பாலர் வகுப்புக்கு எவ்வளவு என்று அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் யாராவது எழுந்து கேளுங்களேன். அதே மடலில், பையன்கள் நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம், பெண் பிள்ளைகள் ஒரு மணி நேரம் பள்ளிக்குப் போனால் போதும், மிச்ச நேரம் வீட்டு வேலையும் தொழிலும் பழகட்டும் என்கிறார். ஐந்து வயதில் டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கலாம்.

நேரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ஃபெடரல் ஹைவே நெரிசலில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் நேரம் போதும். ஒரு கட்டளையை நீங்கள் சொல்லுங்கள், பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். இரண்டு வாரம் அதே கட்டளை. சலிப்பு வருவது உங்களுக்குத்தான், பிள்ளைக்கு அல்ல. அதே கதையை நூறு தடவை கேட்கிற வயது அது. வாசகம் நின்றபின் இது என்ன என்று கேளுங்கள். முதலில் பிள்ளை சொல்லும் பதிலைக் கேட்டு ரசியுங்கள், பிறகு லூத்தரின் பதில். ஞாயிற்றுக்கிழமை திரும்பும் வழியில் எந்தப் பையில் எந்தக் காசு என்று விசாரியுங்கள். ஞாயிறுப் பள்ளி அக்காமார்களே, உங்கள் வேலை வீட்டில் நடப்பதைக் கேட்டுச் சரிபார்ப்பது. வீட்டுக்குப் பதிலாக நீங்கள் செய்யப் போனால் வாரத்தில் ஒரு மணி நேரத்தில் எதுவும் நிற்காது.

கடைசியாகப் போதகர் ஐயாமார்களுக்கு ஒரு விண்ணப்பம். இன்றைக்கு நம் சபைகளில் ஒரு வீட்டில் பழைய மொழிபெயர்ப்பில் ஜெபம், இன்னொரு வீட்டில் புதியதில், திருத்திய தாள் ஒன்று, யாரோ தட்டச்சு செய்து அனுப்பியது ஒன்று. லூத்தர் பயந்தது இதற்குத்தான். நீங்கள் கூடிப் பேசி, பத்துக் கட்டளைகளுக்கும் விசுவாசப் பிரமாணத்துக்கும் கர்த்தருடைய ஜெபத்துக்கும் அவற்றின் விளக்கத்துக்கும் ஒரே தமிழ் வாசகத்தைத் தீர்மானியுங்கள். எனக்குப் பிடித்த பழைய வாசகமே வர வேண்டும் என்ற பிடிவாதம் இல்லை. எதுவானாலும் ஒன்றாக இருக்கட்டும், பத்து வருடத்துக்கு யாரும் அதைத் தொடாமல் இருக்கட்டும். சுவரில் தொங்கவிடும் அளவில் பெரிய எழுத்தில் ஒரு தாளாக அச்சிட்டு, வருகிற அட்வெந்து முதல் ஞாயிறன்று ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் கொடுங்கள். அச்சுச் செலவுக்குத் தயங்க வேண்டாம், முதல் காணிக்கை என்னுடையதாக இருக்கட்டும்.